படகோட்டியின் இடது பூட்ஸ்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். சோழவந்தானைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்து வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றின் வாசலில் ஆறு ஜோடி, வரிசையாகக் கிடந்தன. ஆட்களைக் காணோம். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகள் பனிக்குள் ஒரு பச்சைச் சுவர்போல நின்றன. சுவருக்குள்ளிருந்து வெற்றிலை கிள்ளும் சத்தமும் யாரோ இருமுவதும் மட்டும் வந்தன.

கொடிக்கால்காரர் தலையில் துண்டோடு வெளியே வந்தார். என் மனைவியின் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"செருப்ப அங்கிட்டு விட்டுட்டு வாங்க. உள்ள செருப்போட நடக்குறதில்ல."

"சரிண்ணே. மண்ண மட்டும் படம் எடுத்துட்டுப் போயிருவோம்."

"மண்ணையா?" அவர் என்னைப் பார்த்தார். "வெத்தலைய எடுக்க டிவிக்காரக வந்துருக்காக. மண்ண எடுக்க வந்த மொத ஆளு நீங்கதான். எம்புட்டு வேணும்?"

"ஒரு பத்தடி போதும்ணே."

"போட்டோவுலதான? அம்புட்டையும் எடுத்துக்கங்க."

அந்த நேரத்தில் போனதற்குக் காரணம் வெளிச்சம். அவளுடைய வேலைக்கு நிழல் விழாத படம் வேண்டும். சூரியன் மேலே வந்துவிட்டால் ஒவ்வொரு மண்கட்டிக்கும் ஒரு நிழல் வந்துவிடும். பிறகு அந்தப் படத்தை வேறெதன்மேலும் போர்த்த முடியாது. அதனால் பழங்காநத்தத்திலிருந்து நாலரைக்கே வண்டியை எடுத்திருந்தோம். அவள் வெறுங்காலோடு இரண்டு பாத்திகளுக்கு நடுவே இறங்கி, கேமராவைத் தரையை நோக்கிப் பிடித்து, ஒரு படம், ஓர் அடி பின்னால், ஒரு படம், ஓர் அடி பின்னால் என்று போனாள். முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். மண் கறுப்பாக, மாவு பதத்தில் இருந்தது. கொஞ்ச தூரத்தில் அவளும் பனியும் ஒரே நிறமாகிவிட்டார்கள்.

அப்போது அவள் நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு நிறுவனங்கள் செய்யும் வீடியோ கேம்களுக்கு இங்கே கணினியில் உருவங்களைச் செய்து அனுப்புவார்கள். அங்கிருந்து கோட்டோவியம் வரும். இங்கே ஒருவர் உடலைச் செய்வார், ஒருவர் சட்டையை, ஒருவர் தொப்பியை. என் மனைவிக்கு மேற்பரப்புகள். துரு, தோல், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அலங்காநல்லூரில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனபோது எல்லோரும் அந்த வீட்டுக் காளையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் காளையின் திமிலுக்குக் கீழே இருந்த தோல் மடிப்பை மட்டும் எடுத்தாள். அவளுடைய போனில் மனிதர்கள் குறைவு.

சோழவந்தான் மண், ஒரு படகோட்டியின் பூட்ஸுக்கு. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் கற்பனை செய்த ஆள் அவன். நீளமான கோட்டு, நரைத்த தாடி, தோளில் துடுப்பு. அவனுடைய ஆறு வற்றிவிட்டது. வற்றிய ஆற்றின் வழியே கடலைத் தேடி நடக்கிறான். வழியில் மறிப்பவர்களைத் துடுப்பால் அடிக்கிறான். கதை அவ்வளவுதான். அவனுடைய பூட்ஸ் எப்போதும் கணுக்கால்வரை சேறாக இருக்க வேண்டும் என்று அங்கிருந்து குறிப்பு வந்திருந்தது. அவள் பதினோரு மாதம் அந்தத் திட்டத்தில் இருந்தாள். அதில் பூட்ஸுக்கு மட்டும் ஏழு வாரம்.

இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள். நான் பத்திரிகையில் துணை ஆசிரியர். அச்சேற்ற முடியாத ஒரு செய்தியைப் பக்கத்துத் தலையணையில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

விளையாட்டு வெளியான பிறகு அதை வாங்கி வந்தோம். ஒரு மதியம் அவள் என்னைத் தொலைக்காட்சிக்கு மிக அருகில் கூப்பிட்டாள். படகோட்டி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். காட்சியை நிறுத்திவைத்து, இடது பூட்ஸில் கணுக்காலுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

சேற்றில் இரண்டு சிறு கோடுகள். லேசாக வளைந்தவை. நடுவே ஒரு நெல் அளவு இடைவெளி.

"விரிசலா?"

அவள் காலை நீட்டி இரண்டாவது விரலைக் காட்டினாள். மெட்டி. அதன் அடிப்பக்கம் சேராமல், நடுவில் திறந்திருக்கும். கொடிக்காலில் ஓர் அடி பின்னால் வைத்துப் படம் எடுத்தபோது, முன்பு நின்ற இடத்தில் கால் பதிந்திருக்கிறது. விரல் பதிந்த குழியில் சேறு மூடிக்கொண்டது. மெட்டி அழுந்திய இடம் மட்டும் தங்கிவிட்டது. செருப்போடு போயிருந்தால் அது வந்திருக்காது.

"அந்தப் பக்கமும் இருக்கு," என்றாள்.

இருந்தது. வலது பூட்ஸில் அதே இடத்தில், அதே இரண்டு கோடுகள், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி. இந்த வேலையில் பூட்ஸை ஒன்றுதான் செய்வார்கள். அவள் செய்தது இடது. கணினி அதைத் திருப்பி வலதாக வைத்துக்கொள்ளும். எனவே ஒரு பிழை இரண்டானது. மூன்றாவது மாடியில் யாரும் பார்க்கவில்லை, அமெரிக்காவில் யாரும் பார்க்கவில்லை. விளையாடியவர்களும் பார்த்ததாகத் தெரியவில்லை. படகோட்டி மெட்டித் தடத்தோடு உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்தான்.

விளையாட்டின் முடிவில் பெயர்கள் ஓடின. பதினாறு நிமிடம். மூன்றாவது மாடி அலுவலகத்தின் பெயர் ஒரு வரியாக வந்தது. ஆட்களின் பெயர்கள் இல்லை. அடுத்த வருடம் அந்த அலுவலகம் மூடப்பட்டது. அவள் வீட்டிலிருந்தபடி கல்யாண ஆல்பங்கள் வடிவமைக்கத் தொடங்கினாள். மணமக்களின் முகத்தில் வியர்வையைத் துடைக்கும் வேலை என்று அதைச் சொல்வாள்.

சில மதியங்களில் ஆல்பம் கணினியில் ஏறிக்கொண்டிருக்கும்போது படகோட்டியை ஓட விடுவாள். சத்தம் இருக்காது. சண்டை போட மாட்டாள்; அவனை நடக்க மட்டும் விடுவாள். நான் மாலை வேலைக்குப் போகிறவன் என்பதால் அந்நேரம் வீட்டில் இருப்பேன். ஜன்னல் திரையின் பழுப்பு வெளிச்சம், மின்விசிறி, கீழே தையல் சாமான் கடையில் பொத்தான்களைக் கொட்டி அளக்கும் சத்தம். திரையில் வற்றிய ஆறு. நான் அப்படியே தூங்கிப்போய், விழித்துப் பார்த்தால் அவன் இன்னும் நடந்துகொண்டிருப்பான். வைகைக் கரையில் தொடங்கிய சேறு காலில் காயாமல் இருக்கும். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்பதை அவன் கடந்துவிட்ட மலைகளை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் திரை வேறு ஆட்களுக்குப் போய்விடும். மனைவியின் தம்பி வருவான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, ஜவுளிக்கடையில் கொள்முதல் பார்க்கிறான். கூடவே பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவனுக்கு நண்பனான பாய். டவுன் ஹால் ரோடு பக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். இருவரும் விளையாடுவது ஒரு ஜப்பானியச் சண்டை விளையாட்டு. பல விளையாட்டுகளில் தனித்தனியாகப் பிரபலமான ஆட்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்து மோதவிடுவார்கள். அதன் புதிய பதிப்பு வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். யார் யார் மேடைக்கு வருவார்கள் என்பது ஒவ்வொருவராகத்தான் வெளிவரும். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு, வெள்ளைக்காரர்கள் செய்த ஆள் அதில் வர முடியுமா என்பதுதான்.

"மாமா, எழுதி வச்சுக்கங்க," என்றான் மைத்துனன். "படகோட்டியாவது, ஒண்ணாவது. அது ஜப்பான்காரன் வீட்டுக் கல்யாணம்."

"கல்யாணத்துக்கு வெளியாளக் கூப்புட மாட்டாகளா மாப்ள?" என்றார் பாய். "உங்க வீட்டு விசேஷத்துல மொதப் பந்தியில உக்காந்தது யாரு?"

"நீ சாப்புட வந்தவன். உன்ன மணவறையில ஏத்துனாகளா?"

"அண்ணன ஏத்துனீங்கள்ல."

என்னைத்தான் சொன்னார். மனைவி வீட்டார் சௌராஷ்டிரர்கள், நான் இல்லை.

"அதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு," என்றான் மைத்துனன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கப்பாகிட்ட போய்க் கேட்டுப் பாரு."

என் மனைவி கீழே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். எட்டு வருடத்தில் அந்த மொழியில் எனக்குச் சாப்பாட்டுச் சொற்கள் வரை வந்திருக்கின்றன. அன்று சொன்னதில் சாப்பாடு இல்லை.

மைத்துனன் சொன்ன காரணங்கள் சாதாரணமானவை அல்ல. படகோட்டியைச் செய்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கி, அதை மற்றொன்று வாங்கியிருந்தது. ஜப்பான்காரன் யாரிடம் போய் அனுமதி கேட்பான்? ஜப்பானில் படகோட்டியை எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, படகோட்டிக்குக் குதிக்கத் தெரியாது. அவன் விளையாட்டில் நடப்பது மட்டும்தான். இந்த மேடையில் குதிக்காமல் ஒரு நிமிடம் நிற்க முடியாது.

"குதிக்கக் கத்துக்குடுப்பாக," என்றார் பாய். "ஏன், அலங்காநல்லூர்ல உள்ளூர் மாட்ட மட்டுமா அவுக்குறாக?"

"மொதல்ல கோயில் மாடு வரும். அத யாரும் தொட மாட்டாக. அப்பறந்தான் மத்த மாடு. அதுக்கும் டோக்கன் வேணும். டோக்கன் குடுக்குறது யாரு? நீயா?"

"டோக்கன் இருந்தா வரும்ல?"

"வராது பாய்."

"நீ ஜவுளி வாங்குறப்பவும் இப்பிடித்தான் பேசுவியா? சூரத்துலருந்து வர்ற சரக்க யாரும் உடுத்த மாட்டாகன்னு?"

மனைவி பட்டாணித் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று நான் வேலைக்குக் கிளம்பும் முன் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். மேற்கே நாகமலை தண்ணீரில் கரைத்ததுபோலத் தெரிந்தது. அவள் ஒரு சட்டையை இரண்டு முறை மடித்தாள்.

"வந்தான்னா அவங்க புதுசாத்தான் செய்வாங்க. நாங்க செஞ்சது அந்த மேடைக்கு ஆகாது. ஆனா பழசப் பாத்துத்தான் செய்வாங்க. ஒவ்வொரு தையலையும் பெருசாக்கிப் பாப்பாங்க. நானும் அப்பிடிச் செஞ்சுருக்கேன்."

"மெட்டியும் தெரியும்."

"தெரியும். தப்புன்னு நெனச்சா ரெண்டையும் தொடச்சுருவாங்க. யோசிக்காமச் செஞ்சா ரெண்டு கால்லயும் அப்பிடியே வச்சுருவாங்க."

"உனக்கு எது வேணும்?"

அவள் கிளிப்புகளைக் கூடைக்குள் போட்டாள். "எதாவது ஒண்ணு. யாராவது ஒருத்தர் கிட்டக்க வந்து பாத்தாங்களான்னு தெரிஞ்சாப் போதும். ஏழு வாரங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வாதங்களை நான் வேறு மாதிரி கேட்டேன். மைத்துனன் "வராது" என்று சொல்லும்போதெல்லாம் சமையலறைப் பக்கம் ஒரு கணம் பாத்திரச் சத்தம் நிற்கும். அவனுக்கு எதுவும் தெரியாது. அக்கா ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் படம் வரைந்தாள் என்பதே அவன் அறிந்தது.

ஒரு வாரம் பாய் தன் போனில் எதையோ கொண்டுவந்தார். எங்கோ யாரோ எழுதியது. ஒப்பந்தம் ஆகிவிட்டதாம், படகோட்டி வருவது உறுதியாம். எழுதியவருக்குப் பெயர் இல்லை. நான் மறுநாள் அலுவலகத்தில் இளைஞர் பக்கத்துக்காக நான்கு வாக்கியம் தட்டினேன். மூன்றாவது வாக்கியத்தில், அந்தப் பாத்திரத்தின் உருவாக்கத்தில் மதுரைப் பெண் ஒருவருக்கும் பங்கு உண்டு என்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"யார் சொன்னதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பெயர் குறிப்பிட விரும்பாதவர்."

"எழுதுன ஆளுக்குப் பேரே இல்லயே. இது பேப்பர்ல வந்தா என் தம்பி நம்பிருவான். அப்பறம் வரலேன்னா?" தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "கையெழுத்து போட்டுருக்கேங்க."

அந்த நான்கு வாக்கியமும் அச்சாகவில்லை. அந்த இடத்தில் கண் பரிசோதனை முகாம் பற்றிய அறிவிப்பு வந்தது.

அறிவிப்பு ஒரு வியாழக்கிழமை மாலை ஏழரைக்கு. எனக்கு அன்று வார விடுமுறை. மைத்துனன் கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தான். பாய் தொழுகையை முடித்துக்கொண்டு நேராக வந்தார். மாலையில் ஒரு மழை அடித்து விட்டிருந்தது. ஜன்னல் வழியாக ஈரமண் வாசனையும் பேருந்து ஹாரன் சத்தமும் வந்துகொண்டிருந்தன. முதலில் ஏற்கெனவே தெரிந்த ஆட்களைக் காட்டினார்கள். பிறகு திரை வெளுத்தது. மூடுபனி. அதற்குள் யாரோ நடந்து வரும் சத்தம், சேற்றில் கால் எடுத்து வைப்பதுபோல. பனியிலிருந்து முதலில் வெளிவந்தது ஒரு துடுப்பின் நுனி.

பாய் மைத்துனனின் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

படகோட்டி மேடையின் நடுவுக்கு வந்தான். துடுப்பை ஊன்றி, உயரமாகக் குதித்தான்.

"குதிக்கிறான் மாப்ள."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்," என்றான் மைத்துனன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, டோக்கன் வாங்கிட்டான்," என்றான்.

என் மனைவி சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். "கொஞ்சம் பின்னால போ," என்றாள். "காலு தெரிஞ்ச இடத்துக்கு."

தம்பி திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, வந்தவன் மூஞ்சியப் பாக்காம பூட்ஸப் பாக்குற?"

"போடா பின்னால."

அவன் நிறுத்திக் காட்டினான். பூட்ஸ் திரையில் இருந்தது இரண்டு வினாடிக்கும் குறைவு. புதிதாகத்தான் செய்திருந்தார்கள், முனை வட்டமாக, கொஞ்சம் பொம்மைத்தனமாக. சேறு இருந்தது. கணுக்கால்வரை, கறுப்பாக. ஆனால் அசைவில் எல்லாம் கலங்கியிருந்தது. எவ்வளவு அருகில் போனாலும் புள்ளிகள்தான் பெரிதாகின. அவள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

அதற்கும் விளையாட்டு கைக்கு வந்ததற்கும் இடையே நான்கு மாதம். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. முகூர்த்த மாதங்கள், ஆல்பங்கள் நிறைய இருந்தன. ஒரு நாள் மட்டும், சோழவந்தான் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அதே கொடிக்காலா என்று எனக்கு நிச்சயமில்லை. வாசலில் செருப்புகள் கிடந்தன. நண்பகல், உள்ளே இருட்டாக, குளுமையாகத் தெரிந்தது. அவள் இறங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போகலாம் என்று தோளைத் தட்டினாள்.

விளையாட்டை மைத்துனன் வாங்கிய அடுத்த ஞாயிறு, காலை பதினோரு மணி. இருவரும் முதல் ஆட்டத்தைத் தொடங்கும் முன் என் மனைவி வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"அத இங்க குடு."

"உனக்கு அடிக்கத் தெரியாதுக்கா."

"அடிக்கல. குடு."

அந்த விளையாட்டில் ஒவ்வோர் ஆளையும் பொம்மைபோலத் தனியாக நிறுத்தி, சுற்றித் திருப்பி, அருகில் கொண்டுவந்து பார்க்க ஒரு பகுதி உண்டு. அவள் படகோட்டியைத் தேர்ந்தெடுத்தாள். அவன் வெளிர்நீல வெறுமையில் துடுப்போடு நின்றான். அவன் போட்டிருந்த கோட்டைக் கடந்து, கீழே இறங்கி, திரை முழுக்கப் பூட்ஸ் நிறையும்வரை கொண்டுவந்தாள். பாய் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். மைத்துனன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

முதலில் வலது பூட்ஸ். சேறு காய்ந்தும் காயாமலும், ஓரங்களில் மெல்லிய வெடிப்புகளோடு இருந்தது. கணுக்காலுக்குக் கீழே அவள் நிறுத்தினாள். இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள். அங்கே எதுவும் இல்லை, வழவழப்பான சேறு.

"என்னக்கா தேடுற?"

அவள் படகோட்டியை மெதுவாகச் சுற்றினாள். கோட்டின் ஓரம் கடந்தது, துடுப்பின் அடி கடந்தது.

இடது பூட்ஸில், கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, இரண்டு சிறு கோடுகள் இருந்தன. நடுவே ஒரு நெல் அளவு இடைவெளி.